அத்தான் பதினைந்து சதவீதம்

இந்த நாற்காலி பரவாயில்லை. என்னுடையதில் இடது பக்கக் கைப்பிடி மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விசாரணை அறைக்கு மட்டும் நல்ல நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். சரி, அது கிடக்கட்டும். நீங்கள் கேட்டது படங்களைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு அத்தான் மேல் கோபம் எதுவும் கிடையாது. என் அக்காவின் கணவர் அவர். ஆறு வருடமாக அவர் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். எப்போது வேறு வீடு பார்க்கப் போகிறாய் என்று அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்கவே கேட்காத ஒரு மனிதரோடு ஆறு வருடம் ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தப் பதிப்பகத்தில் சின்ன வகுப்புப் புத்தகங்களுக்குப் படம் தயாரிக்கிறேன். கையால் அல்ல. கணினியில் படம் போடுகிற மாடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு பெரிய கோப்பு. நாம் வார்த்தையில் சொன்னால் அது படமாகப் போட்டுத் தரும். ஒன்றுக்கு நீர்வண்ணம் நன்றாக வரும். இன்னொன்று பென்சில் கோட்டில் கெட்டிக்காரன். வேறொன்று போட்டோ மாதிரியே போடும், ஆனால் அதில் வருகிற எல்லாரும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளப்பார்கள். எதுவும் தனியாகச் சரிப்படாது. இரண்டை எடுத்துக் கலக்க வேண்டும். அதற்கென்று ஒரு செயலி, அதில் ஒரு ஸ்லைடர். இதில் அறுபது, அதில் நாற்பது என்று நகர்த்தி வைத்து அழுத்தினால் நாலு நிமிடத்தில் புதிதாக ஒரு மாடல் வந்துவிடும். இரண்டின் குணமும் அதில் இருக்கும்.

அழுத்துவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எதோடு எதை, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீர்வண்ணம் எழுபதைத் தாண்டினால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பென்சில் முப்பதைத் தாண்டினால் பச்சைக் குழந்தைக்கும் மீசை முளைக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கலந்து, கெடுத்து, நோட்டில் எழுதி நானே கற்றுக்கொண்டேன். என் மேஜையிலிருந்து நீங்கள் எடுத்துச் சென்ற நீல நோட்டு அதுதான். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள்.

இரண்டாம் வகுப்புக்கு 'நல்ல பழக்கங்கள்' என்று ஒரு புத்தகம் போட முடிவானது. நாற்பத்தெட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே நல்லது செய்கிறவர், கீழே கெட்டது செய்கிறவர். நல்லவர்கள் சுலபமாக வந்துவிட்டார்கள். கெட்டவர்கள்தான் வரவில்லை. இந்த மாடல்களுக்குக் கெட்டவனைப் போடத் தெரியாது, ஐயா. தெருவில் எச்சில் துப்புகிறவனைக் கேட்டால், மூக்கும் முழியுமாக ஒருவன் பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாவனையில் துப்பிக்கொண்டு நிற்பான்.

எடிட்டர் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“எல்லாம் ஒரே அம்மா பெத்த பிள்ளைங்க மாதிரி இருக்கு தம்பி. இவன் துப்புறதைப் பாத்தா நானே பக்கத்துல போய் நின்னு பேசுவேன் போலிருக்கு. கெட்ட பழக்கம்னா பாத்ததுமே தெரிய வேணாமா? நிஜ ஆளு மாதிரி ஒரு மூஞ்சி கொண்டு வாங்க.”

நிஜ ஆள் என்று சொன்னது எடிட்டர் அம்மா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிஜ முகம் வேண்டுமென்றால் யாராவது ஒருவரின் போட்டோக்களைக் காட்டிச் சின்னதாக ஒரு மாடலைப் பழக்க வேண்டும். பிறகு அதைப் பெரிய கலவையில் ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டும். யாருடைய போட்டோ கைவசம் இருக்கிறது என்று வீட்டில் தேடினேன். அக்காவின் கணினியில் என் படம் மூன்று இருந்தது. அதிலும் ஒன்றில் பாதித் தலைதான். அத்தான் படம் இருநூற்றுப் பன்னிரண்டு. அக்காவுக்கு அவரைப் படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் செருப்பு மாட்டுவதைக்கூட எடுத்து வைத்திருக்கிறாள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்?

அத்தான் பார்க்க எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் உங்கள் கையில்தான் இருக்கிறது. இரண்டு காதும் முன்னால் வந்து விசாரிக்கிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இடது புருவம் நடுவில் அறுந்து மறுபடி தொடங்கும். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக இரண்டாம் வகுப்பு ஆசிரியர். மூன்றாம் வகுப்புக்கு மாற்றுகிறோம், சம்பளம் கூடும் என்றபோதும் வேண்டாம் என்றவர். “ரெண்டாம் கிளாஸ்லதான் பிள்ளைங்க நாம சொல்றதை நம்பும்” என்பார். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. வீட்டில் பழம் வெட்டினால் பெரிய துண்டை என் பக்கம் தள்ளுவார். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு முறை, அவரோடு வேலை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் கீழே இறங்கி வந்தேன். அத்தான் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்.

“இவன்தான் என் மச்சினன். வரைய வராது, ஆனா மெஷினை மிரட்டியே வரைய வெச்சிடுவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓவியக் கல்லூரியில் என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள் என்பது அந்த அறையில் அத்தானுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அது புகழ்ச்சிதான் என்று அக்கா பிறகு மாடிக்கு வந்து விளக்கினாள். விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிற புகழ்ச்சி என்ன புகழ்ச்சி? அதற்கும் படத்துக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் சொன்னேன்.

மாடலைப் பழக்கும்போது ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே ஒரு குறிப்பு எழுத வேண்டும். இந்தப் படத்தில் இருப்பவர் யார், என்ன செய்கிறார் என்று. அந்த வார்த்தையையும் அந்த முகத்தையும் மாடல் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னால் அந்த முகம் வரும். புத்தகத்துக்கு வேண்டியவர்கள் கெட்ட பழக்கக்காரர்கள் என்பதால் குறிப்புகளையும் அதற்கு ஏற்றபடி எழுதினேன். வேலையில் ஒரு ஒழுங்கு வேண்டும் அல்லவா?

அத்தான் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற படம் இருந்தது. தண்ணீரை வீணாக்குபவர் என்று எழுதினேன். பிறந்தநாள் கேக்கில் முதல் துண்டை அக்காவுக்கு ஊட்டுவதற்காகக் கையில் எடுத்திருந்தார். அக்கா படம் எடுத்துக்கொண்டிருந்ததால் படத்தில் அக்கா இல்லை, கேக்கும் அவரும்தான். பங்கு கொடுக்காமல் தின்பவர். மருத்துவரிடம் போகும் வழியில் பல் வலியால் கன்னத்தைப் பிடித்திருந்தார். பல் தேய்க்காதவர். பள்ளி விளையாட்டு விழாவில் குழந்தைகளோடு ஓடினார். வரிசையை முந்துபவர். வாய்விட்டுச் சிரித்த படங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றுக்கும் பிறரைக் கேலி செய்பவர் என்று ஒரே குறிப்பு.

இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் எழுதி முடிக்க ஒன்பது நாள் பிடித்தது. சாயங்காலங்களில் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். அலுவலக நேரத்தை இதற்கு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அத்தான் டீயோடு மாடி ஏறி வந்தார். நான் திரையைக் கவிழ்த்தேன்.

“வேலையை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டியா? கண்ணு கெட்டுடும்டா. லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காரு” என்று விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு கலவை. நீர்வண்ணம் அறுபது, பென்சில் இருபத்தைந்து, அத்தான் பதினைந்து. நோட்டில் கலவை நாற்பத்தொன்று என்று இருக்கும், சரிப்பட்ட கலவைக்கு மட்டும்தான் எண் போடுவேன். எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. ஐந்தில் ஒன்றுமே தெரியவில்லை. பத்தில் எல்லாக் கெட்டவர்களுக்கும் அத்தான் காது மட்டும் முளைத்தது. இருபதில் முகம் வழிந்து நல்லவர்கள் பக்கமும் போய்விட்டது. சாலையைக் கடக்க உதவுகிற மாணவிக்கு அத்தான் புருவம். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற நாய்க்கு முழுசாக அத்தான் முகம். அந்த நாயைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். பதினைந்தில்தான் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. நல்லவர்கள் நல்லவர்களாக, கெட்டவர்கள் அத்தானாக.

எடிட்டர் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். “அடேயப்பா, இவனைப் பாத்தாலே பளார்னு ஒண்ணு விடலாம் போல இருக்கு தம்பி. இதான் வேணும். எப்படிக் கொண்டு வந்தீங்க?” என்றார். இந்த அலுவலகத்தில் என்னை யாரும் எப்படி என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று மத்தியானம் எனக்கு இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது.

புத்தகம் நாற்பதாயிரம் பிரதி போயிற்று. எங்கள் பக்கத்துப் பள்ளிகள் அத்தனைக்கும் அதுதான் பாடம். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. “எங்க வீட்டுப் பையன் செஞ்ச படம்” என்று ஆசிரியர்கள் அறையில் சொல்லிவிட்டு, கட்டைப் பிரித்து முதல் ஆளாகத் தன் வகுப்பில்தான் கொடுத்திருக்கிறார். தானும் அங்கேதான் முதன்முதலாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

நடந்ததை அன்று சாயங்காலம் அக்காவிடம் அவர் சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் பக்கத்தில் பழத்தோலை ரோட்டில் எறிகிறவரைப் பார்த்ததும் பிள்ளைகள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்களாம். ஒரு குழந்தை எழுந்து, “சார், நீங்க ஏன் சார் தோலைக் கீழ போட்டீங்க?” என்று கேட்டிருக்கிறது. அது நான் இல்லம்மா, யாரோ ஒரு மாமா என்றாராம். ஏழாம் பக்கத்தில் யாரோ ஒரு மாமா வரிசையை முந்தினார். பன்னிரண்டில் சுவரில் கிறுக்கினார். அதற்குப் பிறகு பாடத்தை யாரும் கேட்கவில்லை. அவர் என்னென்ன செய்திருக்கிறார் என்று முப்பத்தாறு பிள்ளைகளும் அவருக்கு முன்னால் பக்கங்களைத் தள்ளித் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்திரண்டோடு அவர் புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாள் ஒரு பிள்ளை வீட்டில் அடம்பிடித்து பல் தேய்க்க ஒரு புது பிரஷ் வாங்கி வந்து அவர் மேஜையில் வைத்தது.

வெளியிலும் அப்படித்தான். கடையில் வரிசையில் நின்றால், “அம்மா, அவரு இன்னைக்கு வரிசையில நிக்கிறாரு” என்று ஏதாவது ஒரு குழந்தை வியக்கும். தாய்மார்கள் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பிள்ளையை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொள்வார்கள். அத்தான் பேப்பர் துண்டைப் போடுவதற்குக்கூட இரண்டு தெரு தள்ளியிருக்கிற தொட்டிவரை நடக்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு மூன்று தடவை பல் தேய்த்தார். ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அக்காவைக் கேட்டார்.

“என் மூஞ்சி பாக்க அப்படியா இருக்கு?”

“உங்க மூஞ்சிக்கு என்ன? போய் உக்காருங்க” என்ற அக்கா, அந்தப் புத்தகத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் போர்வைக்கு அடியில் போட்டுவிட்டாள்.

அந்த மாதமே அவரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியை நல்ல விதமாகத்தான் சொன்னாராம். “தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க உள்ள வந்தாலே பிள்ளைங்க சிரிக்குதுங்க, இல்லைன்னா பயப்படுதுங்க. கொஞ்ச நாள் ஆபீஸ்ல இருங்க. அடுத்த வருஷத்துக்குள்ள புத்தகத்துல அந்த மூஞ்சி மாறிடுச்சுன்னா உங்க கிளாஸ் உங்களுக்குத்தான். மாறலைன்னா வேற ஆளைப் போடறதைத் தவிர எனக்கு வழியில்ல.” அன்றிலிருந்து அத்தான் ஒரு ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை நகல் எடுக்கிறார். மணி அடித்ததும் பழக்கத்தில் எழுந்துவிடுகிறாராம். எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்காருகிறாராம். இதை அக்கா அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, நான் ஒன்றும் கல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் மாடிக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, உன் வேலையில தலையிடறேன்னு நினைக்காதே. அந்தப் படத்துல அந்த ஆளை மட்டும் கொஞ்சம் மாத்த முடியுமா? காதையாவது.”

“முடியாது அத்தான். அது தானா அமைஞ்சது. கலந்துட்டா கலந்ததுதான், பால்ல தண்ணி கலந்த மாதிரி. பிரிக்க முடியாது.”

“அப்படியா” என்றார். கட்டிலைவிட்டு எழுந்தார். “சரி விடு. இதனால உன் வேலைக்கு ஒண்ணும் வராம பாத்துக்கோ. நான் ஆபீஸ்லயே இருந்துக்கறேன்.”

பிரிக்க முடியாது என்று சொன்னது பொய். அத்தான் சேராத கலவை நாற்பது அப்படியே என்னிடம் இருந்தது. வேறு யாருடைய முகத்தையாவது பழக்க ஒரு வாரம், அதைச் சேர்த்துப் புதிதாகக் கலக்க நாலு நிமிடம், படங்களை மறுபடி எடுக்க ஒன்றரை நாள். எடிட்டர் அம்மாவிடமும் அதே பாலையும் தண்ணீரையும்தான் சொன்னேன். ஏன் என்று கேட்கிறீர்கள். அவ்வளவு நன்றாக வந்த ஒன்றை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர்கள் புகார் கொடுத்தார்கள், நீங்கள் வந்தீர்கள், நாலு பேரைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அறிக்கையின் நகலில் கையெழுத்துப் போடச் சொல்லி நேற்று எனக்கு அனுப்பினீர்கள். முகம் தற்செயலாக அமைந்தது, பணியாளர் மேல் குற்றமில்லை, எச்சரிக்கை போதும். போட்டுவிட்டுப் போயிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் மூன்றாம் பக்கத்தில் அத்தானுடைய சாட்சியத்தைப் படித்தேன்.

அவர் எனக்காகப் பேசியிருக்கிறார். என் வேலை போய்விடக் கூடாது என்று அரைநாள் விடுப்புப் போட்டு வந்து பேசியிருக்கிறார். நீங்கள் அதை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறீர்கள்: 'அவன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டான் சார், நான் எழுதித் தர்றேன். அவன் நல்லவன். அதோட, ஒரு மூஞ்சியை இவ்வளவு அச்சு அசலா வேணும்னே கொண்டு வர்ற அளவுக்கெல்லாம் அவனுக்குத் திறமை போதாது. அவனுக்கு வரையவே வராது.'

அதனால்தான் காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். தற்செயல் என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள், ஐயா. தற்செயலாக யாருக்கும் பதினைந்து வராது. உள்ளதைச் சொல்கிறேன், பன்னிரண்டிலேயே எடிட்டர் அம்மா கேட்டது வந்துவிட்டது. நிஜ ஆள் மாதிரி, யாரோ ஒருவர் மாதிரி. அங்கே நிறுத்தியிருந்தால் யாருக்கும் அத்தான் ஞாபகம் வந்திருக்காது. மேலே மூன்று சதவீதத்தை நான் தெரிந்துதான் ஏற்றினேன். ஒவ்வொரு சதவீதத்துக்கும் படத்தை எடுத்துப் பார்த்து, அக்காவின் போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் கையை எடுத்தேன். நாற்பதாயிரம் புத்தகத்தில் எந்தக் குழந்தை பார்த்தாலும் அது அவர்தான். கல்லூரியில் என்னைத் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவராலும் இதைச் செய்ய முடியாது.

கலவை நாற்பது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை மாற்றுங்கள், அவர் தன் வகுப்புக்குப் போகட்டும். என் வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து நீங்களே அவரிடம் காட்ட வேண்டும். அவர் அதுவரை போகவே இல்லை.

சோம்பேறி என்ற பக்கம் அது. ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, சுவரில் தலை சாய்ந்து, வாய் திறந்து தூங்குகிறார். மற்றதெல்லாம் மாடல் தன் போக்கில் போட்டது. இதை மட்டும் போட்டோவிலிருந்து கோடு மாறாமல் எடுத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா எடுத்த போட்டோ. எனக்குக் குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பிடித்து, பிழைப்பேனா மாட்டேனா என்று இருந்த நாலு நாளும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. படுக்கவும் இல்லை. அந்தப் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்று நர்ஸ் சொன்னார். நாலாம் நாள் எனக்கு நினைவு திரும்பிவிட்டது என்று சொன்ன பிறகுதான் அந்தத் தூக்கம். கண் இமைக்குக் கீழே இருக்கிற கறுப்பு, நாலு நாள் தாடி, சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருப்பது, எல்லாம் படத்தில் அப்படியே வந்திருக்கிறது. பார்த்ததும் அவருக்கு எந்த இடம், எந்த நாள் என்று தெரிந்துவிடும்.

தெரியட்டும். பார்த்துவிட்டு, நல்லா வரைஞ்சிருக்கே தம்பி என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.